முத்திரை விழாத உறை

இந்த ஜெர்மன் ஊரில் வீட்டுக்கு வரும் அரசுக் கடிதங்களுக்கு ஒரு விநோதப் பழக்கம் உண்டு. போன வாரம் குப்பைத் தொட்டிக் கட்டணம் பற்றி நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மேலே என் பெயரும் தெருவும் கதவு எண்ணும் பிழையில்லாமல் இருந்தன. நடுவில் விஷயம். அடியில், கையெழுத்துக்கும் கீழே, பொடி எழுத்தில் நான்கு வரிகள். இந்த முடிவு தவறு என்று நீங்கள் நினைத்தால் ஒரு மாதத்துக்குள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம், இன்ன முகவரிக்கு எழுதவேண்டும் என்று. ஜெர்மன்காரர்கள் இதற்கு ‘விடர்ஷ்ப்ரூக்’ என்கிறார்கள். தன்னோடு எப்படிச் சண்டை போடவேண்டும் என்று கடிதமே சொல்லித் தருகிறது. நான் இங்கே வந்து மூன்று வருடமாகிறது. இன்னும் அந்த நான்கு வரிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

ஆராய்ச்சிக்கூடத்தில் என் பக்கத்து மேசைக்காரி பிர்கிட். குப்பைத் தொட்டிக் கடிதத்தை நான் வெறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, “கட்டணம் அதிகமா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “பிறகு ஏன் இவ்வளவு கோபம்?” என்றாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஊரில் இருப்பவர்கள் ‘வெளிநாடு போயிட்டா, அதிர்ஷ்டக்காரி’ என்று பேசிக்கொள்வதாகக் கேள்வி. அதிர்ஷ்டம் எந்த வழியாக வந்தது என்று நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது.

நான் பிறந்தது திருச்சி மாவட்டத்தில். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியது பெரம்பலூர் மாவட்டத்தில். கல்லூரியில் படிக்கும்போது அரியலூர் மாவட்டத்துக்காரி ஆனேன். பட்டம் வாங்கிய வருடம் மறுபடியும் பெரம்பலூர் மாவட்டம். இத்தனைக்கும் நாங்கள் ஒருமுறைகூட வீடு மாறியதில்லை. கீழப்பழுவூரிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் எங்கள் தெரு. என் அப்பாவைப் பெற்றவர் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டுகிறார். எங்கள் பக்கத்துக் கல்லை உடைத்தால் உள்ளே சங்கும் சிப்பியும் இருக்கும். ஒரு காலத்தில் கடல் கிடந்த இடம். அதைப் பார்க்கவும் பொறுக்கவும் எங்கெங்கோ இருந்து நிலவியல் மாணவர்கள் வருடா வருடம் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக நானும் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கவேண்டும் என்று எட்டாம் வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டேன்.

நிலவியலில் பி.எஸ்ஸி. முடித்ததும் எம்.எஸ்ஸி.க்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். பெயரைச் சொன்னால் அது ஒன்று மட்டும்தான் அப்படி என்று ஆகிவிடும். ஜூன் கடைசியில் ஒரு கார்டு வந்தது. காத்திருப்புப் பட்டியலில் முதல் இடம், இடம் காலியானால் கடிதம் மூலம் தெரிவிக்கப்படும் என்று அச்சடித்திருந்தது. நான் அழுதுவிட்டேன். அப்பா கார்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“ஏன் அழுவற? ரயில்ல வெயிட்டிங் லிஸ்ட் ஒண்ணுன்னா ஏறி உக்காந்த மாதிரிதான். எவனாச்சும் ஒருத்தன் வரமாட்டான் பாரு” என்றார்.

அந்த நம்பிக்கையில் ஏழு வாரம் போயிற்று. ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் இரண்டு நாள் அழுதுவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன். பட்டியலில் முதல் ஆள் என்பதால் எதற்கும் சரி என்று சொல்ல முடியவில்லை. பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். தலைமை ஆசிரியை, “சேந்துட்டு நடுவுல விட்டுட்டுப் போயிட மாட்டியே?” என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. கார்டைக் காட்டினேன். “அப்ப அது முடிஞ்சதும் வாம்மா” என்று அனுப்பிவிட்டார். திருச்சியில் இன்னொரு கல்லூரியில் சேர்வதற்கான கடைசித் தேதியும் அந்த நாட்களில்தான் கழிந்தது. தினமும் பதினோரு மணிக்குத் தபால் ஆபீஸ் வாசலில் போய் நிற்பேன். என்னைப் பார்த்ததுமே தபால்காரர் தலையை ஆட்டிவிடுவார். நான் கேட்கவேண்டிய அவசியம்கூட இல்லாமல் போனது.

ஆகஸ்டு நடுவில் ஒருநாள் தெருமுனைக் கடைக்கு எனக்கு போன் வந்தது. பேசியவள் ஃபாத்திமா, லப்பைக்குடிக்காட்டுக்காரி, என்னோடு பி.எஸ்ஸி. படித்தவள். அதே பல்கலைக்கழகத்தில் வேறு பாடத்துக்குச் சேர்ந்திருந்தாள்.

“மலரு, நீ ஏன்டி வரல? கிளாஸ் ஆரம்பிச்சுப் பத்து நாளாச்சு. ஒருத்தன் எம்.சி.ஏ. கெடச்சுப் போயிட்டான். அந்த எடத்துக்கு நீ வருவேன்னு நான் பாத்துக்கிட்டே இருக்கேன். வேற ஒரு பொண்ணு வந்து உக்காந்திருக்கா.”

மறுநாள் அப்பா லீவு போட்டார். விடியற்காலை பஸ்ஸைப் பிடித்துப் பெரம்பலூர் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் ஏறி, மத்தியானம் பல்கலைக்கழகத்தில் இறங்கினோம். வெள்ளைச் சட்டை போட்டிருந்த அப்பா வழியெல்லாம் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்து வந்தார், கசங்கிவிடும் என்று.

சேர்க்கைப் பிரிவில் இருந்த கிளார்க் கோப்பைப் புரட்டிவிட்டு, “லெட்டர் போட்டோமே. நீங்கதான் வரல. டைம் முடிஞ்சுது, அடுத்த ஆளுக்குக் குடுத்தாச்சு” என்றார்.

“லெட்டர் வரலைங்க சார். நான் தினம் தபால் ஆபீஸ்ல கேட்டேன்.”

“அதுக்கு நான் என்னம்மா பண்றது? தபால்காரனப் போயிக் கேளு.”

அவர் கோப்பை மூடப் போனபோது உள்ளே ஒரு பழுப்பு உறை தெரிந்தது. அதில் என் பெயர். கைநீட்டி எடுத்துவிட்டேன். என் கிராமம், கீழப்பழுவூர் அஞ்சல், பின்கோடு, எல்லாம் இருந்தன. மாவட்டம் இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி. ஒட்டியிருந்த தபால்தலையின் மேல் முத்திரையே விழவில்லை. அந்த உறை அறையை விட்டு வெளியே போனதே இல்லை.

“இது போகவே இல்லைங்களே சார்” என்றேன்.

கிளார்க்குக்கு முகம் மாறியது. “அப்ளிகேஷன்ல பெரம்பலூர் மாவட்டம்னு எழுதியிருக்க. சீட்டுக்கு லெட்டர் போடறப்ப சரிபாத்தா, சாதிச் சான்றிதழ்ல அரியலூர் மாவட்டம்னு இருக்கு. எது உண்மைன்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது? அட்ரஸ் சந்தேகம்னு நோட் போட்டு வச்சோம். அதுக்குள்ள தேதி முடிஞ்சிடுச்சு.”

“ரெண்டுமே உண்மைங்க சார். மாவட்டத்தப் பிரிச்சாங்க, மறுபடி சேத்துட்டாங்க. பேப்பர்லயே வந்துச்சு.”

“அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதும்மா. ஒங்க ஆளுங்களுக்கு என்ன, அடுத்த வருசம் எங்கயாச்சும் கோட்டாவுல கெடைக்கும். போ.”

அப்பா ஒரு அடி முன்னே வந்தார். “கோட்டாவ வுடுங்க சார். பட்டியல்ல மொத ஆளு எம் பொண்ணு. வருசா வருசம் ஒங்க பஸ்ஸு எங்க ஊருக்கு வருது. நான்தான் லாரிய ஓரங்கட்டி வழி வுடறேன். பஸ்ஸுக்குத் தெரிஞ்ச ஊரு தபாலுக்குத் தெரியலைங்களா?”

அறையில் இருந்த மற்றவர்கள் தலை நிமிர்ந்தார்கள்.

துறைத் தலைவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். அவர் நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், ஆங்கிலத்தில் மிகவும் வருந்தினார். அடுத்த வருடம் விண்ணப்பித்தால் தானே கவனித்துக்கொள்வதாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் தட்டளவு பெரிய, கல்லாகிப்போன நத்தை ஒன்று. அதன் அடியில் தட்டச்சு செய்து ஒட்டியிருந்த சீட்டில், ‘அரியலூர், திருச்சி மாவட்டம்’ என்று இருந்தது. அந்த நத்தையின் மாவட்டமும் மூன்று முறை மாறிவிட்டது. அதன் மேல் யாரும் சந்தேகம் என்று எழுதவில்லை. அதை யாரும் வெளியே நிறுத்தவில்லை.

“அடுத்த வருசம் வேணாங்க சார். இந்த வருசம் என்னோடது” என்றேன்.

“விதி இருக்கேம்மா. நான் என்ன செய்ய?” என்றார்.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அப்ப ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க சார். எம் பொண்ணு வரலன்னு எழுதாதீங்க. நீங்க அனுப்பலன்னு எழுதுங்க. அது போதும்.”

அதைத்தான் அவர்கள் கடைசிவரை எழுதித் தரவில்லை. பதிவேட்டில் ‘விண்ணப்பதாரர் உரிய காலத்தில் வரவில்லை’ என்றிருந்த வரிக்கு நேரே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. உறையைத் திருப்பிக் கொடு, அது ஆபீஸ் சொத்து என்று கிளார்க் கைநீட்டினார். “மேல எம் பேருதானங்க சார் இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வெளியே காத்திருந்த ஃபாத்திமா, என் இடத்தில் சேர்ந்த பெண்ணைத் தூரத்திலிருந்து காட்டினாள். ஒல்லியாக, எண்ணெய் தடவி இறுக்கப் பின்னிய சடையோடு, மரத்தடியில் உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள்மேல் கோபப்பட முடியவில்லை என்பது அன்று என் கோபத்தை இன்னும் பெரிதாக்கியது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு பிர்கிட், “உன் அப்பா ஏன் விடர்ஷ்ப்ரூக் போடவில்லை?” என்றாள். போட்டார், நின்ற நிலையில், வாயால் போட்டார் என்றேன். “எழுத்தில் போட்டிருக்கவேண்டும். அவருக்கு வழக்குச் செலவுக் காப்பீடு இல்லையா?” என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். டிப்பர் லாரிக்கு இன்ஷூரன்ஸ் உண்டு, டிரைவரின் நியாயத்துக்குக் கிடையாது என்று சொன்னேன். அவள் சிரிக்கலாமா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். இங்கே பலர் எங்களைப் பற்றி நினைப்பது இதுதான். எங்களுக்கு எதிர்க்கத் தெரியாதாம். எங்களுக்குத் தொண்டை இருக்கிறது. கேட்டதற்குப் பதில் எழுதவேண்டும் என்ற கட்டாயம்தான் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு இல்லை.

அடுத்த வருடம் நான் அங்கே விண்ணப்பிக்கவில்லை. பெரம்பலூர்ப் பள்ளியில் வேலை இன்னும் காலியாக இருந்தது. சேர்ந்தேன். மாலையில் பள்ளி விட்டதும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு நாட்டுப் பல்கலைக்கழகமாகத் தேடினேன். படிப்புக் கட்டணம் வாங்காத இடம் ஜெர்மனியில் இருந்தது. விண்ணப்பித்தேன். அங்கிருந்து வந்த பதிலிலும் அதே சொல். ‘வார்ட்டலிஸ்டே’, காத்திருப்புப் பட்டியல். அன்று நான் அழவில்லை. உடனே மின்னஞ்சல் எழுதினேன். என் எண் என்ன? எந்தத் தேதிவரை பட்டியல் நகரும்? எப்படித் தெரிவிப்பீர்கள்? என் முகவரியை ஒருமுறை அப்படியே எழுதி அனுப்ப முடியுமா? வாரம் ஒன்று எழுதினேன். அந்தச் செயலர் அம்மாள் ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டார். நான்காவதில், “முகவரி எங்களிடம் சரியாகவே உள்ளது, அன்பு கூர்ந்து நம்புங்கள்” என்று எழுதியிருந்தார். ஐந்தாவது வாரம் இடம் வந்தது.

அதற்காக இந்த நாட்டைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறேன் என்று நினைக்காதீர்கள். விசா நீட்டிப்புக்குப் போகும்போதெல்லாம் கவுன்டரில் இருப்பவர் என்னிடம் மட்டும் உரக்கப் பேசுகிறார், எனக்குக் காது கேட்காது என்பது போல. என் பிறப்புச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “இரண்டில் எந்த மாவட்டம் உண்மை?” என்று அவரும் கேட்டார். நான் வரைபடம் வரைந்து விளக்கினேன். “அப்படியானால் நீங்கள் அடிக்கடி இடம்பெயர்ந்திருக்கிறீர்கள்” என்று முடித்துவிட்டார். ஒரே தெருவில் இருபத்து மூன்று வருடம் கிடந்தவளைப் பார்த்து.

இந்த ஜனவரியில் என் ஜெர்மன் பேராசிரியரோடும் இரண்டு மாணவர்களோடும் கள ஆய்வுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பேராசிரியர் அப்பாவிடம், சிப்பி அடுக்கு எவ்வளவு ஆழம் வரை போகிறது என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். எந்தக் குழியில் எந்த மட்டத்தில் சிப்பி, எங்கே வெறும் களிமண் என்று அப்பா கை நீட்டி நீட்டிச் சொன்னார். அதை நான் துறைச் சொற்களில் பெயர்த்துச் சொன்னதும் பேராசிரியர் வியந்துபோய் என்னிடம், “உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம் உங்களுக்கு எவ்வளவு நல்ல அடித்தளம் கொடுத்திருக்கிறது!” என்றார். இதை நான் அப்பாவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

மறுநாள் அப்பா வேலை செய்யும் சுரங்கத்துக்கு அனுமதிக் கடிதத்தோடு போனோம். வாசலில் காவலுக்கு இருந்தவர் எங்கள் தெருக்காரர், எனக்குச் சித்தப்பா முறை. வருகைப் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். பெயர், எங்கிருந்து, என்ன வேலை என்று கட்டம் போட்டிருந்தது. பெயரை எழுதிவிட்டு அடுத்த கட்டத்தில் எங்கள் ஊர்ப் பெயரை எழுதப் போனேன்.

“அப்படி எழுதாத மலரு” என்றார். “உள்ளூர்னு போட்டா விசிட்டர் பாஸ் தர முடியாது. உள்ளூர் ஆளுங்களுக்கு லேபர் கேட்டுதான். அதுக்கு வேலை அட்டை வேணும்.”

“நான் இந்த ஊருதான சித்தப்பா?”

“எனக்குத் தெரியாதா? நோட்டுக்குத் தெரியணுமே.”

பின்னால் பேராசிரியரும் மாணவர்களும் வெயிலில் தொப்பியைச் சரிசெய்தபடி நின்றார்கள். நான் ஜெர்மனி என்று எழுதினேன். சித்தப்பா ஒரு பாஸை எடுத்து நீட்டினார். கழுத்தில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், லேபர் கேட்டில் அப்பாவின் லாரி வந்து நின்றது. என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். கை அசைத்தாரா, வியர்வையைத் துடைத்தாரா என்று புழுதியில் தெரியவில்லை. அவருக்குக் கேட்டைத் திறந்தார்கள், எனக்கும் திறந்தார்கள். வேலியின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நாங்கள் உள்ளே போனோம்.