முள்ளிப்பட்டு தறிக்குழி எறும்பு

எறும்பப் புடிச்சி அது என்னா எறும்புன்னு கண்டுபுடிக்கிறதும் ஒரு வேலைதாம்பா. சிரிக்காதீங்க. காபில மெதக்குறத ஊதி ஓரமாத் தள்ளிட்டு குடிக்கிற ஆளுங்கதானே நீங்க? கறுப்பு எறும்பு, செவப்பு எறும்புன்னு ரெண்டே பேர வச்சிகினு இத்தினி வருஷம் ஓட்டிட்டீங்க. நானும் அப்டித்தான். பாலிடெக்னிக்க ரெண்டாவது வருஷத்துல வுட்டுட்டு ஆரணி பஸ் ஸ்டாண்டுல சும்மா நின்னுகினு இருந்தவன, பியூலா மேடம் கூப்ட்டு வேல குடுத்தாங்க. அவங்க எறும்புல பிஎச்டி. நாலு வருஷமா தேடுறாங்க, புதுசா ஒண்ணும் சிக்கல. "புதுசா என்னா இருக்கு, புதுசா என்னா இருக்கு"ன்னு கைடு உயிர எடுக்குறாரு. ஒரே ஒரு புது எறும்பு சிக்கினா போதும், அவங்க பிஎச்டி கரை சேந்துடும்.

வாயில புள்ள

மொத நாளு, ஆத்தோரம் மாந்தோப்பு. முசுறு தெரியுமில்ல? எலைய எலையோட சேத்து பந்து மாதிரி கூடு கட்டுமே, அந்தச் செவப்பு சனியன். கழுத்துல நாலு, காதுல ரெண்டு கடி வாங்கிகினு நிக்கிறேன், மேடம் ஜாலியா, "அந்த எறும்பு வாயில என்ன வச்சிருக்குது பாரு"ன்றாங்க. பாத்தா வெள்ளையா குட்டிப் புழு. எறும்போட புள்ளையாம். பெரிய எறும்புக்கு நூலு வராதாம், புள்ள வாயிலேர்ந்துதான் பட்டு நூலு வருமாம். அதால புள்ளைய வாயில கவ்விகினு இந்த எலைக்கும் அந்த எலைக்கும் மாத்தி மாத்தி வச்சி நெய்யிது. நம்ம தறில நூல இழுத்துகினு நாடா குறுக்க ஓடுற மாதிரியே!

பட்டு நெய்யிற வூட்ல பொறந்தவன், எனக்கே தல சுத்திச்சி. தோப்ப குத்தகைக்கு எடுத்திருந்த கோவிந்தண்ணன் வூட்லயும் தறி உண்டு. அவரு கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு சொன்னாரு: "ஏம்மா, எங்க வூட்ல புள்ளைய தறில உக்கார வச்சா அதிகாரி வந்து நிக்கிறாரு. இதுங்கள யாரு கேக்குறது?"

மீசைல எத்தினி கணு

எறும்ப மூஞ்சப் பாத்து பேரு சொல்ல முடியாது. மைக்ராஸ்கோப்ல வச்சி, இடுப்புல ஒரு கணுவா ரெண்டு கணுவான்னு மொதல்ல பாக்கணும். அப்புறம் மீசைல எத்தினி கணுன்னு எண்ணணும். புக்குல கேள்வி மேல கேள்வி இருக்கும். ஆமான்னா இந்தப் பக்கம் போ, இல்லன்னா அந்தப் பக்கம் போன்னு அலைய வுடுவாங்க, தாலுக்கா ஆபீஸு கெட்டுது. ஒரே எறும்புக்கு மொதல்ல பதினொண்ணு வந்துது, திருப்பி எண்ணுனா பன்னெண்டு. அத்த வுடுங்க. ஒரே டப்பாலேர்ந்து எடுத்த ரெண்டு எறும்பு, அண்ணந்தம்பி மாதிரி இருந்துதுங்க, ரெண்டும் சொந்தமே இல்லன்னு மேடம் சொன்னப்ப ஆடிப் பூட்டேன்.

மைக்ராஸ்கோப்ப ஒரு நாளு வூட்டுக்குத் தூக்கினு வந்து எண்ணிகினு இருந்தேன். எங்கம்மா வாசப்படில நின்னு பாத்துட்டு: "டேய் ஜெகா, உன் அரியர ஒழுங்கா எண்ணத் தெரியல, எறும்பு மீசைய எண்றியா?"

நல்ல கை

முள்ளிப்பட்டுல மல்லிகா அக்கா வூடு. தறில கால் வச்சி மிதிக்கிற குழி இருக்குதுல்ல, அதுல டீக்கு தொட்டுத் தின்ற பொறை பிஸ்கட்டுத் தூளு வுழுந்து எறும்பு மொய்க்குது. "எத்தினி வேணும்? அல்லாத்தையும் அள்ளிகினு போ"ன்னு அக்கா கால மேல தூக்கிகினாங்க. அள்ளிகினு வந்தேன்.

எறும்ப குட்டி முக்கோண அட்டை முனையில கோந்து வச்சி ஒட்டணும், கீழ ஒரு சீட்டு குத்தணும்: எந்த ஊரு, எந்த எடம், யாரு புடிச்சது. ஒட்டிகினு இருக்கும்போது ஒண்ணுக்குத் தல கழண்டு எங்கியோ உருண்டு பூடுச்சி. தல இல்லன்னு எழுதி தனியா வைக்கணும், அதான் ரூலு. ஆனா என் கையி தறிக்காரன் கையி. எங்க வூட்ல இழை அறுந்தா யாரையும் கூப்ட மாட்டோம். வெரல்ல சாம்பலத் தொட்டு, ரெண்டு முனையும் சேத்து ஒரு முறுக்கு, முடிஞ்சிது. கண்ணுக்குத் தெரிஞ்சாதான் அது தப்பு. தட்டுல ஒரு தல கெடந்துது, எடுத்து ஒட்டிட்டேன். அம்சமா உக்காந்துது. அது எந்த ஒடம்போட தலன்னு யாரு கண்டா?

மேடம் வந்து தட்டப் பாத்தாங்க: "பரவால்லையே ஜெகன், ஒண்ணுகூட உடையல. நல்ல கைப்பா உனக்கு!"

புக்குல இல்லாதது

நாலு நாளு கழிச்சி மேடம் போட்ட சத்தத்துல பக்கத்து ரைஸ் மில்லுலேர்ந்து ஆளு ஓடியாந்துட்டான். இடுப்பப் பாத்தா ஒரு பக்கம் போவுது, மீசையப் பாத்தா வேற பக்கம் போவுதாம். எந்தப் புக்குலயும் இல்ல. புது எறும்பு! மேடம் அழுதாங்க, சிரிச்சாங்க. நானும் கூடச் சேந்து குதிச்சேன். கைடு, திங்கக்கெழம நேர்ல எடுத்துகினு வான்னுட்டாரு. எறும்புக்கு முள்ளிப்பட்டு பேர வைக்கிறதுன்னு முடிவாச்சி.

மல்லிகா அக்காவுக்கு போன் போட்டு சொன்னாங்க. அக்கா ஒடனே: "நாங்க நெய்யிற பொடவைக்கெல்லாம் ஆரணின்னுதான் பேரு. எறும்புக்காவது எங்க ஊரு பேரு கெடைச்சுதே மேடம்."

அக்கா குனிஞ்சாங்க

ஞாயித்துக்கெழம அக்கா பட்டுப்பொடவ கட்டிகினு, கையில ஸ்வீட் டப்பாவோட, 'அவங்க' எறும்பப் பாக்க வந்தாங்க. மைக்ராஸ்கோப்ல குனிஞ்சாங்க. நிமிரவே இல்ல. ஆயிரக்கணக்கான இழைல அறுந்தத கண்ணாலயே புடிக்கிற பொம்பள. "மேடம், கழுத்துல ஒட்டு போட்டிருக்குதே? தறி தெரிஞ்ச கை, நல்லாதான் போட்டிருக்கு"ன்னாங்க.

மேடம் பிரஷ்ஷால ஒரே ஒரு சொட்டு தண்ணி வச்சாங்க. ரெண்டு நிமிஷம். தல தனியா மெதந்துது. ஸ்வீட் டப்பாவ யாரும் தொறக்கல. மேடம் என்னப் பாத்தாங்க. "மறந்தே பூட்டேன் மேடம்"னேன். என் எதுருலயே கைடுக்கு போன் போட்டு, "சார், புது எறும்பு இல்ல, எங்க தப்பு"ன்னாங்க. 'எங்க'ன்னாங்கப்பா, 'அவன்'னு சொல்லல. போன வச்சிட்டு, என் மூஞ்சப் பாக்காமலே சொன்னாங்க: "உடைஞ்ச எறும்பு எனக்கு வேணும் ஜெகன். ஒட்டுன எறும்புதான் வேணாம்."

மறந்துட்டேன்னு சொன்னது சுத்தப் பொய்ப்பா, மேடம் சத்தம் போட்ட அன்னிக்கே அது என் கைவேலைன்னு எனக்குத் தெரியும், ஆனா அந்தக் குட்டிச் சீட்டுல 'புடிச்சவர்: ஜெகன்'னு என் பேரு மொத மொத அச்சுல வந்திருந்துது, அத்தக் கழட்ட மனசு வராம கூடக் குதிச்சவன் நான்தான்.