பிலோமினாவும் இரண்டு பெயர் கொண்ட டேப் டிரைவும்

எங்கள் அறக்கட்டளையின் வரலாற்றில் அந்தச் செவ்வாய்க்கிழமை முக்கியமானது. அலுவலகத்துத் தண்ணீர்க் கேனை ஜன்னலோரத்திலிருந்து வாசல் பக்கம் மாற்றுவது என்று செயற்குழு அன்று ஏகமனதாக முடிவெடுத்தது. பொருளாளர் முன்மொழிந்தார், தலைவர் வழிமொழிந்தார். எதிர்த்துப் பேச வந்திருந்த ஒருவர் பொதுநலன் கருதி அமைதி காத்தார். தீர்மானத்தை நான் எழுதி முடிப்பதற்குள் சிதம்பரத்திலிருந்து எங்கள் பழைய மாணவி கோமதி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"சார், பிலோமினாக்கா காலைல போய்ட்டாங்க."

ஜன்னலோரத்தில்தான் எங்கள் ஒலிப்பதிவுகளைக் காந்த நாடாவில் எழுதிவைக்கும் டேப் டிரைவ் இருக்கிறது. அதன் பக்கத்தில் தண்ணீர் வைக்காதீர்கள் என்று பிலோமினா பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் அதைக் கேட்டு நடந்த அன்று அவர் இல்லை.

அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாய்விட்டு வாசித்து ஒலிப்பதிவு செய்து தருவது எங்கள் வேலை. பதிவு அறை சிதம்பரத்தில், அலுவலகம் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் புத்தகங்களை டேப்பில் எழுதிவைத்துவிட்டு டிஸ்க்கிலிருந்து நீக்குவோம். 2004-ல் டிரைவ் வந்தபோது அதை இயக்க ஆள் கேட்டார்கள். எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். பிலோமினா மட்டும் டிரைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் அவர் நியமிக்கப்பட்டார்.

அந்த டிரைவுக்குப் படங்களோ பொத்தான்களோ கொண்ட திரை கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டி என்டர் அழுத்த வேண்டும். வேலை ஒழுங்காக முடிந்தால் அது ஒன்றும் சொல்லாது. தப்பு நடந்தால் மட்டும் ஒரு வரி வரும். முதல் வாரம் முழுக்க அந்த மௌனத்தைக் கண்டு நான் பயந்தேன். பிலோமினா சிரித்தார்.

"இது நல்ல மாமியாருண்ணே. திருப்தின்னா வாயத் தொறக்காது. எனக்குப் பழக்கம்."

டேப்பில் பொருளடக்கம் கிடையாது. பழைய பாட்டு கேசட் போல, முன்னே ஓட்டி, பின்னே சுற்றித்தான் வேண்டிய இடத்துக்குப் போக வேண்டும். ஆகவே எந்தக் கட்டளைக்கும் முன்னால் பிலோமினா முதலில் அதன் நிலையைக் கேட்பார். கேட்கும் கட்டளையைத் தட்டும்போதே வாயாலும் கேட்பார்: "எங்க இருக்க?" ஒருமுறை கோமதி அலுவலகத்துக்கு வந்திருந்தாள். அண்ணாகிராமத்துப் பெண். அப்போது சிதம்பரத்தில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லை.

"யார்கிட்டக்கா பேசுறீங்க?"

"டேப்புகிட்ட. அதுக்குக் கண்ணு தெரியாது. நாமதான் கேட்டுக் கேட்டு அழைச்சிக்கினு போவணும்."

"என்னை மாதிரியா?"

"உன்ன மாதிரி இல்ல. அது சொன்ன பேச்சு கேக்கும்."

இருவரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

டிரைவுக்கு இரண்டு பெயர் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இயந்திரம் ஒன்றுதான். முதல் பெயரால் அழைத்து ஒரு வேலை கொடுத்தால், முடித்துவிட்டு டேப்பைத் தானாகவே தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். இரண்டாம் பெயரால் அழைத்தால் முடித்த இடத்திலேயே நிற்கும். ஒரே டேப்பில் இரண்டு புத்தகங்களை அடுத்தடுத்து எழுத இரண்டாம் பெயர்தான் சரி. முதல் பெயரால் எழுதினால் இரண்டாவது புத்தகம் முதல் புத்தகத்தின் மேலேயே ஏறி அதை அழித்துவிடும். இதை எங்களுக்கெல்லாம் மண்டையில் ஏற்றியவர் பிலோமினா.

தவறியதும் அவர்தான். அன்று தலைவர் விருந்தினர்களை அழைத்து வந்திருந்தார். டேப் சுற்றும் சத்தம் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. "இன்னொரு தடவை" என்றார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காகப் பிலோமினா முதல் பெயரைத் தட்டினார். பண்டைய வரலாறு எழுதப்பட்டது, டேப் சீறிக்கொண்டு தொடக்கத்துக்குச் சுற்றியது, கைதட்டினார்கள். அதே பெயரில் நவீன வரலாற்றையும் எழுதினார். மறுபடி சுற்றியது, மறுபடி கைதட்டல். பண்டைய வரலாறு அழிவதைக் கைதட்டி வரவேற்ற கூட்டங்களில் இது சிறியதுதான். எழுதிய டேப்பைத் திரும்பப் படித்துப் பார்ப்பது பிலோமினாவின் வழக்கம். அன்று குழுப்படம் எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். சாயங்காலம் டிஸ்க்கிலிருந்த பிரதியும் நீக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது கோமதி பண்டைய வரலாறு கேட்டாள். முந்தைய ஆண்டு அந்தத் தாளில்தான் தோற்றிருந்தாள். பிலோமினா டேப்பைப் போட்டு நிலையைக் கேட்டார், தொடக்கத்திலிருந்து வாசிக்கச் சொன்னார். நவீன வரலாறு வந்தது. ஒரு புத்தகம் தாண்டிப் போகச் சொன்னார். மாமியார் வாய் திறந்தாள். மேலே ஒன்றுமில்லை என்று ஒரு வரி வந்தது. பிலோமினா நாற்காலியில் அப்படியே சாய்ந்தார்.

"ஐயோ அண்ணே. கைதட்டினாங்களே, அன்னிக்கி."

தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்றேன். நேரில்தான் சொல்ல வேண்டும் என்று பஸ் ஏறிவிட்டார். நானும் போனேன். சிதம்பரம் பதிவு அறையில் கோமதி காத்திருந்தாள்.

"நாந்தான் கோமதி. மேல எழுதிட்டேன்."

"மொத்தமுமா?"

"மொத்தமும்."

"இந்தத் தடவையும் பாஸாவலன்னா வூட்டுக்கு வந்துடுன்னு அப்பா சொல்லிட்டாரு. தெரியுமில்ல உங்களுக்கு?"

"தெரியும்."

முதலில் வாசித்த பேராசிரியர் மகனோடு வடக்கே போய்விட்டிருந்தார். நான் வாசிக்கிறேன் என்றேன். நான் செயற்குழுவால் அங்கீகரிக்கப்பட்ட குரல்.

"வேணாம் சார். உங்க குரல்ல மௌரியர் முடியறதுக்குள்ள நான் தூங்கிடுவேன். அழிச்சவங்களே படிக்கட்டும்."

"நானா? எங்குரல கமிட்டி வேணாம்னுடுச்சிடி."

"கமிட்டியா பரீட்சை எழுதப் போவுது?"

பிலோமினாவின் உச்சரிப்பு நூல் வாசிப்புக்கு ஏற்றதல்ல என்று குரல் தேர்வில் செயற்குழு கண்டறிந்திருந்தது உண்மை. மறுநாளிலிருந்து அவர் தினமும் வேலை முடிந்ததும் கடலூரிலிருந்து சிதம்பரம் போனார். அவர் வாசிப்பில் சோழர்கள் அத்தனை பேரும் சோளர்களானார்கள். புரியாத வாக்கியம் வந்தால் வாசித்துவிட்டு, "இது எனக்கே வெளங்கல, இரு, இன்னொருவாட்டி படிக்கிறேன்" என்றார். ஓர் அரசனின் பட்டப்பெயர்களை வாசித்து முடித்து, "இவருக்கு இது கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றார். ஒவ்வொரு பாடம் முடியும்போதும் நிறுத்தினார்.

"கோமதி, எங்க இருக்க? குப்தர் முடிஞ்சிச்சி. அடுத்தது ஹர்ஷர். எழுந்து மூஞ்ச கழுவிக்கினு வா."

வாசித்த வரை அன்றன்றைக்குப் பிரதி எடுத்துக் கோமதியிடம் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். கடைசிப் பக்கம் முடிந்ததும் கடலூர் வந்து புது டேப்பில் எழுதினார். இரண்டாம் பெயரை எழுத்து எழுத்தாக வாயால் சொல்லிக்கொண்டே தட்டினார். பிறகு தொடக்கத்துக்குச் சுற்றி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தன் குரலை முதலிலிருந்து கடைசிவரை கேட்டார். இடையில் யாரையும் பேசவிடவில்லை. கேட்டு முடித்து, "நல்லாத்தான் படிக்கிறேன்" என்று டேப்பை எடுத்து உறையிலிட்டார்.

கோமதி தேறினாள். முடிவு வந்த அன்று பிலோமினாவைக் கூப்பிட்டு, "அக்கா, ஹால்ல உக்காந்தா உங்க குரல்தான் கேட்டுக்கினே இருந்திச்சி. ஹர்ஷர் வந்ததும் மூஞ்ச கழுவணும்போல இருந்திச்சி" என்றாளாம். இதைப் பிலோமினா எனக்குக் குறைந்தது பத்துமுறை சொல்லியிருப்பார். செயற்குழு அந்தப் பதிவைத் தரமற்றது என்று பதிவுசெய்து, தகுதியான குரலில் மீண்டும் வாசிக்கத் தீர்மானம் போட்டது. தீர்மானத்தை எழுதியவன் நான். வாசிக்க ஒருவரும் வரவில்லை.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு டிரைவ் என் பொறுப்புக்கு வந்தது. எனக்கு அவரிடமிருந்து வந்து சேர்ந்தது ஒரு பழக்கம்தான். எந்தக் காரியத்தையும் தொடங்குமுன் எங்கே இருக்கிறோம் என்று கேட்டுக்கொள்வது. டிரைவிடம் வாய்விட்டே கேட்கிறேன். பொருளாளர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சமாளித்துக்கொண்டேன். சபையில் பேச எழுமுன்பும், வீட்டில் சண்டை தொடங்குமுன்பும் மனதுக்குள் கேட்டுக்கொள்கிறேன். பாதிச் சண்டைகள் அங்கேயே நின்றுவிடுகின்றன.

இந்த ஆண்டு முதலாண்டு மாணவர்கள் பண்டைய வரலாறு கேட்டிருந்தார்கள். எங்களிடம் இருப்பது ஒரு பதிவுதான். அவர் போன பிறகு வந்த திங்கட்கிழமை பிரதி எடுத்து அனுப்பினோம். கோமதியின் பெயர் வரும் இடங்களை வெட்டவில்லை.