பச்சை வலைக்குப் பின்னால்

எங்கள் வீடியோக்காரருக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் ‘ஒன்மோர்’. மோதிரம் போட்டது சரியாகப் பதிவாகவில்லை என்றால், ‘இன்னொரு தரம், ஒன் மோர்’ என்று கூச்சமே இல்லாமல் கழற்றி மறுபடி போடச் சொல்வார். அவருடைய ஸ்டுடியோவுக்கு அடுத்தது என் மூக்குக்கண்ணாடிக் கடை. தங்கமான மனிதர்தான். ஆனால் கேமரா கைக்கு வந்துவிட்டால், பக்கத்து வீடு தீப்பற்றி எரிந்தாலும் வெளிச்சம் எப்படி விழுகிறது என்றுதான் முதலில் பார்ப்பார்.

ஆறு வருடங்களுக்கு முன் அவர் மனைவிக்கு நெஞ்சுவலி வந்தபோது, அவர் ஒரு கல்யாண வரவேற்பில் இருந்தார். படம் எடுக்கும்போது போனை அணைத்து வைப்பது வழக்கம். ஒரே மகள் இருபத்து மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். அவர் போனைப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றோடு மகள் பேச்சை நிறுத்தினாள், வேறு வீடு பார்த்துக்கொண்டு போனாள். இவர் போய் வாசலில் நின்றால் கதவு திறக்காது.

போன மாதம் ஒரு பல் டாக்டர் ஸ்டுடியோவுக்கு வந்தார். தான் விரும்பும் பெண்ணிடம் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்கப் போகிறாராம். அவளுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து வீடியோ எடுக்க வேண்டுமாம். பெண்ணின் போட்டோவைக் காட்டினார். ஒன்மோருடைய மகள்.

“தெரிஞ்சுதான் வந்தேன் மாமா. அவ சரின்னு சொன்னதும் கை காட்டுறேன், நீங்க வெளிய வாங்க. அந்தச் சந்தோஷத்துல கோபமெல்லாம் போயிடும்.”

“வேண்டாம் தம்பி. அவ பிடிவாதம் உங்களுக்குத் தெரியாது.”

என் வாய் சும்மா இருக்குமா? “போங்கண்ணே, வலிய வர்றத விடாதீங்க” என்று நானும் ஒத்து ஊதினேன். இப்போது நினைத்தால் அந்த வாயைத் தைத்துவிடலாம் போலிருக்கிறது.

அடுத்த ஒரு வாரம் என் கடைக் கண்ணாடி முன் நின்று அவர் ஒத்திகை பார்த்தார். “‘நல்லா இருக்கியாம்மா’ன்னு கேக்கட்டுமா? இல்ல, ‘மன்னிச்சிடும்மா’ன்னு ஆரம்பிக்கட்டுமா?” மூக்குக்கண்ணாடி மாட்டிப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் காத்திருக்க வேண்டியதாயிற்று. கடைசியில் மன்னிப்பு என்றே முடிவானது.

இடம் ஒரு செடி விற்கும் தோட்டம். துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். நிழலுக்குக் கட்டிய பச்சை வலைக்குப் பின்னால், தொட்டி அடுக்குகளுக்கு நடுவில் நாங்கள் இருவரும் குந்தியிருந்தோம். டாக்டர் சட்டைக்குள் சின்ன மைக். இவர் காதில் ஹெட்போன். டாக்டர் மண்டியிட்டதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள். “சரி, சரி, எந்திரி, முட்டியெல்லாம் சேறு” என்றாள். கேமராவுக்குப் பின்னால் இவர் கண்ணில் தாரை தாரையாகக் கண்ணீர். ஆனால் கை மட்டும் ஆடவில்லை. அதுதான் தொழில்.

டாக்டர் கை காட்டினார். ஒன்மோர் எழுந்தார், வலையை விலக்கிக்கொண்டு போனார். கேமராவோடு போனார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், அது அவருக்கு உறைக்கவே இல்லை.

மகள் திரும்பினாள். ஒரு கணம் அந்தச் சிரிப்பு மிச்சமிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு கணத்தில் அவர் கேமராவை இறக்கியிருந்தால் போதும். ஒரு வாரம் மனப்பாடம் செய்த மன்னிப்பு வாயில் வரவில்லை. முப்பது வருடமாக வந்ததுதான் வந்தது.

“அப்படியே நில்லும்மா. அசையாத. வெளிச்சம் நல்லா விழுது.”

அவள் முகம் செத்துப்போயிற்று.

“அன்னைக்கும் இப்படித்தான் யார் முகத்தையோ பாத்துட்டு இருந்தீங்களாப்பா?”

அவ்வளவுதான் கேட்டாள். கத்தவில்லை. விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள், டாக்டர் பின்னாலேயே ஓடினார். இவர் அதற்குப் பிறகுதான் கேமராவை இறக்கினார். எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேமராவை வாங்கிப் பையில் வைத்தேன்.

டாக்டரை அவள் மன்னித்துவிட்டாள். அடுத்த மாதம் கல்யாணம். இவருக்கு அழைப்பு இல்லை, வீடியோவுக்கும் வேறு ஆள். டாக்டர் தயங்கித் தயங்கி அன்று எடுத்ததைக் கேட்டார். அவள் சரி என்று சொன்ன இடத்தோடு வெட்டிக் கொடுத்தனுப்பினார்.

மிச்சத்தைத் தினமும் போட்டுப் பார்க்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. “எதுக்குண்ணே இந்தக் கருமத்த வச்சிருக்கீங்க? அழிச்சுத் தொலைங்க” என்றேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “ஆறு வருஷம் கழிச்சு அப்பான்னு கூப்பிட்டிருக்காப்பா. எப்படி அழிக்கிறது?”