ஒற்றைப் பட்டனுக்கு எதிராக நான் எழுதிய தாள்

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் கலர் பார்க்கும் வேலையில் இருந்தேன். பட்டாசுப் பெட்டி லேபிள் ஓடும்போது நான்கு நிறமும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை வருகிற தாளெல்லாம் வேஸ்ட். முன்பக்கம் ராக்கெட்டும் மயிலும் கலங்கிக் கிடக்கும், பின்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். ஊரில் பாதிப் பிள்ளைகளின் நோட்டு அட்டை அதுதான். நான் அதில் விமர்சனம் எழுதினேன்.

வீடியோ கேம் விமர்சனம். சிரிக்க வேண்டாம், எனக்கு வாசகர்கள் இருந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரெடிமேடு துணிக்கடை, அதன் மாடியில் இரண்டு டிவி, இரண்டு கேம் பெட்டி. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒருநாளும் கேம் ஆடுகிற ரிமோட்டைத் தொட்டதில்லை. தொழுகைக்குப் போகும்போது, "பாத்துக்கோங்க தம்பி" என்று மாடியை என் பொறுப்பில் விட்டுப் போவார். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. புது சிடி வந்தால் ஒரு வாரம் ஓடும். நான் வேஸ்ட் தாளின் பின்பக்கம் கருத்தெழுதிச் சுவரில் ஒட்டுவேன். மற்றவர்கள் அதன் கீழே தங்கள் கருத்தை எழுதுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் படித்து, சிடி இருக்கட்டுமா போகட்டுமா என்று முடிவு செய்வார். மேல்முறையீடு கிடையாது.

அங்கே அதிகம் ஓடியது ஜப்பான் கார்ட்டூன் பாணிச் சண்டை ஒன்று. முட்டைக் கண்ணும் காற்றில் நிற்கிற முடியுமாக ஆட்கள். இடது கட்டைவிரலால் அரைவட்டம் போட்டு, அதே நொடியில் வலது கட்டைவிரலால் இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினால்தான் கையிலிருந்து நெருப்பு கிளம்பும். எனக்கு அது பழக மூன்று மாதம் ஆனது. பழகிய பிறகு மாடியில் என்னை அடிக்க ஆள் இல்லை.

என்னிடம் அதிகம் தோற்றவர் நாரணாபுரத்துக்காரர் ஒருவர். ஐந்தாறு வயது மூத்தவர், அண்ணே என்று கூப்பிடுவேன். பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் பகுதியில் வேலை. எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். லீவு நாள் மதியம் வந்து, ரிமோட்டைத் தொடையில் படுக்கவைத்து ஆடுவார். அது அவருடைய ஸ்டைல் என்று நினைத்தேன். ஒரு வருஷம் தோற்றார். முகம் சுளித்ததே இல்லை. "இன்னொரு ஆட்டம் போடுவமா தம்பி?" என்பார், நானும் பெரிய மனது பண்ணிப் போடுவேன்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பட்டாசு வேலை பார்க்கிறவரோடு பேசும்போது அவர் கையைப் பார்க்க மாட்டோம். டீ கிளாஸை நீட்டும்போதுகூடக் கண் முகத்தில்தான் இருக்கும். யாரும் சொல்லித் தந்ததில்லை, தானாக வந்துவிடும். கைக்கு என்ன ஆச்சு என்று கேட்பவன் வெளியூர்க்காரன். அண்ணனின் வலது கையில் ஏதோ உண்டு என்று எனக்குத் தெரியும். என்னவென்று தெரியாது. தோளோடு தோள் உட்கார்ந்து ஒரு வருஷம் ஆடியும் தெரியாது. அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சண்டை விளையாட்டின் புதுப்பதிப்பு வந்தது. மூன்று புது ஆட்கள், புதிதாக வரைந்த பின்னணிகள். கூடவே ஈஸி என்று ஒரு முறை. அதைத் தேர்ந்தெடுத்தால் அரைவட்டமும் வேண்டாம், இரண்டு பட்டனும் வேண்டாம், ஒற்றைப் பட்டனை அமுக்கினால் போதும், நெருப்பு கிளம்பிவிடும். முதல் நாளே அண்ணன் அதை வைத்துக்கொண்டு என்னைத் தொடர்ந்து நான்கு ஆட்டம் அடித்தார். நான்காவது ஆட்டத்தில் அவர் சத்தமாகச் சிரித்தார். அதுவரை அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

மறுநாள் விமர்சனத்தை ஒட்டினேன். தோற்ற வயிற்றெரிச்சல் அதில் மருந்துக்குக்கூட இல்லை, அம்புட்டு நடுநிலையாக எழுதியிருந்தேன். பின்னணியில் மெஜந்தா தூக்கலாக இருக்கிறது, தீபாவளி லேபிள் தோற்றது என்று ஆரம்பித்தேன். பெரிய அடி விழும்போது ஓடுகிற படம் ரொம்ப நீளம், அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்றேன். பழைய ஆளின் பறக்கும் உதையைப் பலவீனமாக்கிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டேன். இதெல்லாம் நியாயமான குறைகள், இன்றும் மறுக்க மாட்டேன். கடைசியில்தான் எழுதினேன்: "ஒற்றைப் பட்டனில் நெருப்பு விடுவது விளையாட்டல்ல. கை வளையாத சோம்பேறிகளுக்காகச் செய்த பதிப்பு இது."

இரண்டு நாளில் அதன் கீழே ஒரு வரி வந்தது. "புதுசு நல்லா இருக்கு. எல்லாரும் ஆடலாம்." பெயர் இல்லை. எழுத்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சரிந்து கிடந்தது. நான் விடுவேனா? சிவப்புப் பேனாவில் பதில் எழுதினேன்: "கோழி கிண்டிய கருத்துக்குப் பதில் கிடையாது." படித்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அண்ணனும் நின்று படித்ததை அன்று பார்த்தேன். அவர் சிரித்தாரா என்று கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாய் தாளைப் படித்தார். புது சிடியைத் திருத்தங்கலில் இருக்கிற மச்சான் கடைக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்கு ஒரு கார் ரேஸ் வாங்கினார். பழைய பதிப்பு மறுபடி பெட்டிக்குள் போனது. நான் மறுபடி ஜெயித்தேன்.

அண்ணன் வருவது நின்றது. சீசன், ஆர்டர் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாறு வாரம் கழித்துப் பாயிடம் விசாரித்தபோது, அவர் சட்டைகளை மடித்தபடியே சொன்னார்.

"பழைய சிடில அவரு எப்படி ஜெயிப்பாரு? வலது கட்டைவிரல் பாதிதான இருக்கு. பக்கத்து ரெண்டு விரலும் ஒட்டிக் கெடக்கு. சட்டை போட்டுப் பாக்கையில பாத்திருக்கேன். இடது கையால எழுதவே இப்பத்தான் பழகுறாரு."

சுவரில் அந்தச் சரிந்த எழுத்து என் சிவப்பு மைக்கு மேலே அப்படியே இருந்தது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல பாய்?"

"எனக்கு ஆட்டம் தெரியாது தம்பி. எழுதுறவுக நீங்க. எல்லாம் யோசிச்சுத்தான் எழுதியிருப்பீகன்னு நெனச்சேன்."

வெட்கமாக இருந்தது. என் மேலேயே எரிச்சலாகவும் வந்தது. லென்ஸை வைத்துக் கடுகத்தனை புள்ளி விலகினாலும் மெஷினை நிறுத்தச் சொல்கிறவன் நான். தாளைக் கிழித்தேன். கிழித்து என்ன ஆகப் போகிறது, சிடி போய்விட்டதே.

சிடி போன இடத்துக்குத்தான் அண்ணனும் போயிருப்பார் என்று அடுத்த ஞாயிறு மதியம் திருத்தங்கலுக்கு பஸ் ஏறினேன். மச்சான் கடையில் அண்ணன் இருந்தார். ரிமோட் தொடையில் படுத்திருந்தது.

"வாங்க தம்பி. சாப்பிட்டீகளா? உக்காருங்க."

உட்கார்ந்தேன். பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த மன்னிப்புக்குப் பதிலாக நானும் ஈஸி வைக்கப் போனேன். அவர் தடுத்தார்.

"வேண்டாம். நீங்க உங்க மாதிரி ஆடுங்க. நான் என் மாதிரி ஆடுறேன்."

மூன்று ஆட்டம் ஆடினோம். இரண்டில் அவர் ஜெயித்தார். ஒன்றில் நான் ஜெயித்தேன், விட்டுக்கொடுக்கவில்லை, அவரும் விடவில்லை. நான்காவது ஆட்டத்துக்குப் பெட்டி லோடாகிக்கொண்டிருந்தபோது முதல் முறையாக அவர் கையைப் பார்த்தேன். பாதிக் கட்டைவிரலின் முனை ஒற்றைப் பட்டன் மேல் காத்திருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். சட்டென்று கண்ணை டிவிக்குத் திருப்பினேன்.

அவர் கையை மறைக்கவில்லை. சட்டைக் கையை முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"நல்லாப் பாத்துக்கோங்க தம்பி," என்றார். "அன்னைக்குப் பாக்காமத்தான எழுதுனீக."