டைரக்டர் கொட்டச் சொன்ன கொழுந்து

என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், பிழையும் உண்டு. சிலோனில் தோட்டத்துப் பள்ளியில் நாலாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கப்பலில் வந்து அரவேணுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்த இரண்டாம் வருடம், சோவியத் தேசத்துத் தஜிகிஸ்தானிலிருந்து ஒரு சினிமா டைரக்டர் வந்தார். தாய்நாடு திரும்பியவர்களைப் படம் எடுக்கிறாராம். கூட வந்த கோயம்புத்தூர்க்காரர்தான் அவர் பேச்சைத் தமிழில் சொன்னார். ஆட்டிடையர் மகன், மாஸ்கோவில் படித்தவர், எடுத்த படத்துக்கெல்லாம் மெடல். கோட்டில் நாலைந்து தொங்கின. அத்தனை படம் எடுத்தவருக்கு, கூடையில் இருப்பது ஒருத்தியின் ஒரு நாள் வேலை என்று தெரியவில்லை.

என் அக்கா அப்போது தற்காலிகம். மூன்று மாதம் விடாமல் முழுப்பேர், அதாவது முழு நாள் கணக்கு, விழுந்தால் நிரந்தரம், லயத்து வரிசையில் ஒரு வீடு. கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர். மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். அவளுக்கு இன்னும் நாலே நாள் பாக்கி.

படத்தில் நிற்கச் சொல்லித் தோட்டத்துத் துரை உத்தரவு, போனாள். செடி கிழிக்காமல் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை டைரக்டர் அவிழ்க்கச் சொன்னார், அசிங்கமாம். ஈரச் செடி சேலையைக் கிழித்தது. பிறகு கூடையைத் தூக்கிக் கொழுந்தைக் கொட்டச் சொன்னார்.

"ஏனுங்க, பூ மாதிரி உதிரோணும்ங்கறாரு. அப்படியே அழுவுங்க. தாய்நாட்டுக்கு வந்துட்டீங்கல்ல?"

"நான் பொறந்ததே கண்டிப் பக்கங்க. இந்த நாட்ட இப்பத்தான் பாக்குறேன். அழுக எப்பிடி வரும்?"

நாலு தடவை கொட்டினாள், அள்ளினாள். கொழுந்து சேறுபட்டுக் கசங்கிச் சிவந்தது. நிறுக்கும் இடத்தில் மேஸ்திரி பாதியைத் தள்ளிவிட்டு அரைப்பேர் போட்டார்.

"தொர சொல்லித்தானுங்க போனேன்" என்றாள் அக்கா.

"சினிமாக்காரிக்கு எதுக்கம்மிணி பெர்மனென்ட்டு? மெட்ராசுல பங்களா குடுப்பாங்க, போ."

எல்லோரும் சிரித்தார்கள். தோளில் மூட்டையோடு நானும் பக்கத்தில்தான் நின்றேன். டைரக்டர் ஜீப்பில் ஏறுமுன் அக்காவைக் கும்பிட்டார். இதுவரை எடுத்ததிலேயே இதுதான் நல்ல காட்சி என்கிறார் என்று கோயம்புத்தூர்க்காரர் சொன்னார்.

பிற்பாடு குன்னூரில் அந்தப் படத்தைச் சும்மா காட்டினார்கள். முக்கால்வாசி அவர் ஊர் மலையும் ஆடும்தான். அக்கா முகம் எங்கும் இல்லை. கொழுந்து மட்டும் கண் இமைக்கும் நேரம் உதிர்ந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். அதற்கும் ஒரு மெடலாம்.

அக்கா முதலிலிருந்து எண்ணினாள். ஒரு தரம் காய்ச்சலில் விட்டுப்போனது, ஒரு தரம் மழையில். நிரந்தரப் புத்தகத்தில் அவள் பெயர் ஏறியது இன்று காலையில்தான்.

"இனி எவனாச்சும் படம் புடிக்க வந்தா, நான் லீவுன்னு சொல்லு தம்பி" என்றாள்.

மாசி பதினேழு, வெள்ளிக்கிழமை.