லாத்தாவின் கையில் தெறித்த காஸ்டிக் சோடா

என் வீட்டுக்காரருக்குக் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை. சட்டைக் காலரில் ஏறிய நிலக்கரித் தூசி எந்தச் சோப்புக்கும் போகவில்லை என்று பக்கத்து வீட்டு லாத்தாவிடம் புலம்பினேன். முஸ்லிம் வீட்டு அக்காவை எங்கள் பக்கம் லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் ஒரு டின் தேங்காய் எண்ணெய் காரல் அடித்துக் கிடந்தது. நாமே சோப்பு காய்ச்சினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. கைபேசியில் ஒரு வீடியோ பார்த்தோம். எண்ணெய், தண்ணீர், காஸ்டிக் சோடா, அவ்வளவுதான்.

சோடாவை ஹார்டுவேர் கடையில் வாங்கினேன். "கையில படாம பாத்துக்குங்க" என்றார் கடைக்காரர், அப்பளம் உடையாமல் எடுத்துப் போங்கள் என்பதுபோல. வெள்ளைச் செதில்கள். பொட்டலத்தைச் சரியாகக் கட்டாமல் அலமாரியில் வைத்துவிட்டேன். மறுநாள் எல்லாம் நசநசவென்று ஒட்டிக் கிடந்தன. கூரை ஒழுகியதா என்று அண்ணாந்து பார்த்தேன். மழையே இல்லை. கடல்காற்றின் ஈரத்தை அது தானாகவே இழுத்துக்கொள்ளும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை லாத்தா வீட்டுக் கொல்லையில் ஆரம்பித்தோம். அலுமினியச் சட்டியில் தண்ணீர் ஊற்றி, சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோம். அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சுட்டது. உஸ்ஸென்று நுரைத்தது. சட்டியின் உள்பக்கம் கறுத்தது.

"என்னம்மா இது, சட்டியவே திங்குது!" என்று லாத்தா பின்வாங்கினார்.

அவசரமாக அதை ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றினோம். செதில் அள்ளிய குவளையின் அடியில் ஒரு கட்டி ஒட்டியிருந்தது. அதைக் கரைக்க நான்தான் குவளைக்குள் தண்ணீர் ஊற்றினேன். பட்டென்று பொங்கித் தெறித்தது. என் மேல் ஒரு சொட்டுகூட இல்லை. எதிரில் நின்ற லாத்தாவின் முன்கையில் விழுந்தது.

"சுடுதா லாத்தா?"

"இல்லம்மா. சோப்பு போட்ட மாதிரி வழுவழுன்னுதான் இருக்கு."

இரண்டு பேரும் சிரித்தோம். முந்தானையால் துடைத்துவிட்டேன். கால் மணி நேரத்தில் அந்த இடம் சிவந்து, லாத்தா உதட்டைக் கடித்துக்கொண்டார். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மா, "எலுமிச்சம்பழத்தப் புழிங்க, முறிஞ்சிரும்" என்று கத்தினார். காரத்தை அமிலம் முறிக்கும் என்று பள்ளியில் படித்ததும் அதே நேரம் ஞாபகம் வந்தது. பழத்தை வெட்டியே விட்டேன்.

"வேணாம்மா, எரியுது. தண்ணிய ஊத்து" என்றார் லாத்தா.

பழமா, தண்ணீரா? கையில் பழத்தோடு நின்றேன். லாத்தாவே குழாயைத் திறந்து கையை நீட்டினார்.

அரசு மருத்துவமனையில் இருந்த டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. "வழுவழுன்னு இருந்துச்சுல்ல? அது இவங்க தோல்ல உள்ள கொழுப்பு. அதத்தான் சோடா சோப்பா மாத்திக்கிட்டிருந்துச்சு. பட்ட உடனே தண்ணி ஊத்தியிருக்கணும், நிறைய, ரொம்ப நேரம். எலுமிச்சை எதுவும் புழியலியே? புழிஞ்சிருந்தா சூடு இன்னும் ஏறியிருக்கும். கண்ணுல பட்டிருந்தா பார்வையே போயிருக்கும்."

நாங்கள் சிரித்து வீணாக்கிய அந்தக் கால் மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. சுடாத ஒன்று எப்படிச் சுடும்?

அன்று மாலை லாத்தாவின் கணவர் வளைகுடாவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டார். "இறால் வாடா பொரிக்கும்போது எண்ணெ தெறிச்சிருச்சு மச்சான்" என்றார் லாத்தா. பக்கத்திலேயே இருந்தும் நான் வாய் திறக்கவில்லை. பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "உன்னையச் சொல்லி என்னம்மா ஆவப் போவுது" என்றார். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அந்த நிம்மதி அருவருப்பாகவும் இருந்தது.

சில மாதம் கழித்து லாத்தாவின் கணவர் விடுப்பில் வந்தார். கப்பல் டேங்கைக் காஸ்டிக் சோடா போட்டுக் கழுவுகிற வேலை அவருக்கு. மனைவியின் தழும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "எண்ணெ பட்டா இப்படி இருக்காதே" என்றார். நான் பிரியாணிக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"தண்ணியில சோடாவப் போட்டீங்களா, சோடாவுல தண்ணிய ஊத்துனீங்களா?"

"சோடாவுல தண்ணிய ஊத்துனது நான்தாண்ணே."

"அதான். சோடா மேல தண்ணி ஊத்துனா பொங்கித் தெறிக்கும்" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுவாரம் லாத்தா இரண்டு ஜோடி ரப்பர் கையுறையும் கண்ணில் மாட்டும் இரண்டு பாதுகாப்புக் கண்ணாடியும் கொண்டுவந்தார். "ஒண்ணு ஒனக்காம். அவருதான் வாங்குனாரு." அது மன்னிப்பா, எச்சரிக்கையா என்று எனக்குத் தெரியவில்லை. லாத்தாவிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.