முதுகைப் படிக்கிறவர்

கையில் எடுத்த பொட்டலத்தை அவர் முதலில் குப்புறக் கவிழ்க்கிறார். சூப்பர் மார்க்கெட்டில் மற்றவர்கள் பொருளின் முகத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். இவர் முதுகைப் பார்க்கிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பொட்டலத்தை மூக்கு நுனிக்குக் கொண்டுவந்து, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்துக்கொண்டு போகிறார். பின்னால் மூன்று தள்ளுவண்டிகள் காத்து நிற்கும். “கொஞ்சம் வழி விடுங்க சார்” என்றால் நகர்வார், படிப்பு நிற்காது. கடை ஊழியர்கள் தமக்குள் அவரை ‘பொடியெழுத்து’ என்கிறார்கள். அது அவர் காதுக்கும் வந்தது. பிழையில்லாத பெயர் என்று விட்டுவிட்டார்.

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு காகிதம் வைத்திருப்பார்களே, யாரும் பிரித்துப் பார்க்காத காகிதம், அதை அச்சேறும் முன் படித்துத் திருத்துவது அவர் தொழில். இருபத்திரண்டு வருடமாக எறும்புத் தலை அளவு எழுத்துகளோடு குடித்தனம். உண்மை என்று ஒன்று இருந்தால் அது பொடியாகத்தான் இருக்கும் என்பது அவருடைய கட்சி. “முன்பக்கம் வியாபாரி பேசுறது. பின்பக்கம் சட்டம் பேசுறது” என்பார்.

இயற்கை என்ற சொல்லைக் கண்டாலே அவருக்கு ஆகாது. மனைவி ஒரு முறை ‘நூறு சதவீதம் இயற்கை’ என்று போட்ட தேன் பாட்டிலை வாங்கி வந்தபோது, அதைத் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்: “இயற்கைன்னு யார் வேணாலும் அடிச்சுக்கலாம். பாம்பு விஷம்கூட இயற்கைதான். ஆர்கானிக்னா சும்மா போட முடியாது. ரசாயன உரம் போட்டானா, என்ன மருந்து அடிச்சான்னு ஒருத்தன் வயலுக்கே வந்து பார்த்து முத்திரை குத்தணும். நம்பர் இருக்கும். நம்பர் இல்லேன்னா அது வெறும் கவிதை.” மறு வாரமே மைத்துனன் ஆர்கானிக் பிஸ்கட்டோடு வந்து நின்றான். அதையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, முத்திரை சரி, ஆனால் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை, வயலைச் சோதித்தவன் வயிற்றைச் சோதிக்கவில்லை என்றார். யாருக்கும் சார்பாகப் பேசாதவர் என்று சொல்லலாம். அதனால் வீட்டில் பிஸ்கட் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவரைக் கடைக்கு அனுப்புவது அப்படியொன்றும் லாபமான காரியம் அல்ல. போன மாதம் மூன்று மணி நேரம் கழித்து ஒரு உப்புப் பொட்டலத்தோடும், ஜாமைப் பற்றிய கடுமையான அபிப்பிராயத்தோடும் திரும்பினார். மனைவி அன்றே தீர்ப்பு எழுதிவிட்டார்: “பட்டியல்ல இருக்குற பதினொண்ணும் ஒரு மணி நேரத்துல வீடு வந்து சேரணும். இல்லேன்னா இனிமே தம்பி போகட்டும்.” அவருக்குச் சுருக்கென்றது. அந்தத் தம்பி, அதாவது பிஸ்கட் மைத்துனன், பச்சை இலை படம் போட்டிருந்தால் செங்கல்லையும் வாங்கி வருகிறவன். அவன் கையில் பை போனால் தன் குழந்தைகளின் வயிறு விளம்பரக்காரனிடம் போனதாகத்தான் கணக்கு.

ஆகவே அந்தச் சனிக்கிழமை அவர் ஓடினார். நாற்பது நிமிடத்தில் பத்துப் பொருள் வண்டிக்குள் வந்துவிட்டன. மீதி, காலைக் கஞ்சிக்குத் தானியம். வழக்கமான அடுக்கு காலி. நாலு அடுக்கு தள்ளி, கீழ்த் தட்டில் ஒரு பொட்டலம் கிடந்தது. எடுத்தார், கவிழ்த்தார். தினை, ஓட்ஸ், ஆளி விதை, சூரியகாந்தி விதை. சர்க்கரை இல்லை, நிறமி இல்லை. முத்திரை உண்டு, நம்பர் உண்டு. ஒரு வேளைக்கு இரண்டு தேக்கரண்டி போதும் என்று எழுதியிருந்தது. அருகில் எப்போதும் சுத்தமான தண்ணீர் வைக்கவும் என்றும் எழுதியிருந்தது. அந்த அக்கறை அவரை உருக்கிவிட்டது. எந்த லேபிளையும் அவர் அதுவரை பாராட்டியதில்லை; இதைப் பாராட்டினார். ஐம்பத்தெட்டாவது நிமிடம் வீட்டுக் கதவைத் தட்டினார்.

ஞாயிறு காலை மனைவி அதைப் பாலில் வேகவைத்தார். வேவு பார்க்க மைத்துனனும் வந்திருந்தான். பல்லில் உமி நெருடியபோது நார்ச்சத்து என்று அவர் விளக்கம் கொடுத்தார். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் பக்கத்தில் தண்ணீர் வைத்தார். வேளைக்கு இரண்டு கரண்டிதான் அளவு என்று அறிவித்ததும் மகள் நிமிர்ந்தாள்.

“ரெண்டு ஸ்பூன் போதுமா? நாங்க என்ன குருவியாப்பா?”

அவ்வளவு சத்து என்றார். ஆனாலும் யாரும் அளவை மதிக்கவில்லை. மனைவி “நல்லாத்தான் இருக்கு” என்றார்; அந்த வீட்டில் அது பெரிய விருது. மைத்துனன் இரண்டாவது கிண்ணத்தையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, தானும் வாங்கப் போவதாகச் சொல்லிப் படம் எடுக்கப் பொட்டலத்தைக் கேட்டான். படம் எடுக்கிறவன் முன்பக்கத்தைத்தானே எடுப்பான். போனைப் பிடித்த கை அப்படியே நின்றது.

“மாமா, இதுல கிளி எதுக்கு?”

அவர் தலை நிமிராமல் பதில் சொன்னார். “முன்பக்கப் படத்துக்கு அர்த்தமே கிடையாது மாப்ளே. ஜூஸ் டப்பால அருவி போடுறான். அருவியையா ஊத்தித் தர்றான்?”

“கிளிக்குக் கீழ எழுதியும் இருக்கே மாமா.”

மனைவி பொட்டலத்தை வாங்கி, கையை நீட்டிப் பிடித்து, நிதானமாகப் படித்தார். “கூண்டுப் பறவைகளுக்கு மட்டும்.”

ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் பருமன். அச்சகத்தில் அவரோடு வேலை பார்க்கிறவர்கள் இதைக் கேட்டு வியக்க மாட்டார்கள். காற்புள்ளிக்கு விழித்திருக்கும் கண் தலைப்பில் தூங்கிவிடுவது அந்தத் தொழிலின் வியாதி. மகள் மட்டும் மேசையில் தலை கவிழ்ந்து குலுங்கிக்கொண்டிருந்தாள். மனைவி எழுந்தார். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த கடைப் பையை எடுத்துத் தம்பியின் மடியில் வைத்தார். அவனுக்கு அதைக் கொண்டாடும் நிலை இல்லை. வயிற்றுக்குள் இரண்டு கிண்ணம் இருந்தது.

அவர் பொட்டலத்தை வாங்கி முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கவிழ்த்து, முத்திரையையும் நம்பரையும் இன்னொரு தடவை சரிபார்த்தார். பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, கிண்ணத்தில் மேலும் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.